தானாகப் பழகிவிடுமா?

“நாயும் பூனையும் போல” என்று நம் வீடுகளில் ஒரு சொல் வழங்கும். அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டால் அச்சொல் வரும். மாமியாரும் மருமகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அச்சொல் வரும். இவ்விரு உயிர்களும் பிறவிப் பகைவர் என்னும் எண்ணம் நம் பேச்சிலேயே ஊறிக் கிடக்கிறது. இன்னொரு புறம் செல்பேசியைத் திறந்தால், ஒரு பெரிய நாயின் வயிற்றருகே பூனைக்குட்டி சுருண்டு உறங்கும் காட்சியை எவரேனும் அனுப்பியிருப்பர். ‘அன்பின் முன் பகை ஏது?’ என்று அதன் கீழே ஒரு வரியும் இருக்கும்.

முன்னது, இவை என்றும் சேரா என்கிறது. பின்னது, இவை தாமாகவே சேரும் என்கிறது. இரண்டும் கேட்பவருக்கு ஒரு வேலையும் வைப்பதில்லை. இரண்டும் இவ்வளவு செல்வாக்கோடு உலவுவதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். சேராதவை என்றால் நாம் முயல வேண்டியதில்லை. தாமாகச் சேரும் என்றாலும் நாம் முயல வேண்டியதில்லை.

பிற உயிர்களோடு பழகாமலே வளர்ந்துவிட்ட ஒரு நாயை, முன்னரே ஒரு பூனை வாழ்கின்ற வீட்டுக்குள் எவ்வாறு கொண்டுவருவது என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். “ஆண்டு மலரில் எழுத இதைவிடப் பெரிய செய்தி கிடைக்கவில்லையா?” என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். கிடைக்கும்தான். ஆயினும் இந்தச் சிறிய செய்தியில் எங்கள் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது. அது போகாமல் தப்பியதற்கு எங்கள் அறிவு எவ்வகையிலும் காரணமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் மாமாவின் தோட்டத்தில் மணி என்றொரு நாய் இருந்தது. கண் திறந்து சில நாள்களிலேயே தாயிடமிருந்து பிரித்துச் சாக்குப்பையில் கொண்டுவந்தார்களாம். கிணற்று மேட்டில், மோட்டார் அறையை ஒட்டிய வேப்பமரத்தில் கட்டினார்கள். அன்று கட்டியது கட்டியதுதான். ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. சங்கிலியின் நீளம் ஆறடி. மாலையில் ஒருவர் வருவார், தட்டில் சோற்றைக் கொட்டுவார், மோட்டாரை நிறுத்துவார், போய்விடுவார். உலகத்தோடு அதற்கு இருந்த உறவு அவ்வளவே. இரவில் கீரி ஓடும், பெருச்சாளி ஓடும், எட்டாத தொலைவில் முயல் ஓடும். அவற்றை நோக்கிச் சங்கிலி இறுகும் மட்டும் எம்பி எம்பி விழுந்ததே மணி பெற்ற கல்வி.

சென்ற ஆண்டு மாமா தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குக் குடிபோனார். வாங்கியவருக்கு நாய் வேண்டியிருக்கவில்லை. “கட்டியே வெச்சிருந்த பாவம் நம்முளுது. நாமதான் கூட்டிட்டு வரோணும்” என்றார் அம்மா. எவருக்கும் மறுத்துப் பேச வாயில்லை. மணி எங்கள் வீட்டுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் அம்மாயி இருக்கிறார். அம்மாயியோடு சின்னி இருக்கிறாள். சின்னி என்பது பூனை, வயது ஒன்பது. அப்புச்சி இறந்த ஆண்டில் மழைக்கு ஒதுங்கி வந்த குட்டி. அன்றுமுதல் அம்மாயியின் கட்டிலில் கால்மாட்டில்தான் அவளுக்குப் படுக்கை.

மணி வந்த அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். “அவுத்து உடுங்க. ரெண்டு நாளைக்கு மொறைக்கும், அப்புறம் அது பாட்டுக்குப் பழகிக்கும்” என்றார். நாங்களும் அவ்வாறே நம்பினோம். சங்கிலியை அவிழ்த்தோம்.

அதன்பின் நிகழ்ந்ததற்குப் பத்து நொடிகூட ஆகியிராது. மணி குரைக்கவில்லை, உறுமவும் இல்லை. தலையைத் தாழ்த்தி ஒரு கணம் அசையாமல் நின்றது. மறுகணம் திண்ணையின் மறுகோடியில் இருந்தது. வெயில் காய்ந்துகொண்டிருந்த சின்னி தூணில் பாய்ந்து ஓட்டின்மேல் ஏறிவிட்டாள். ஆனால் அவள் வாலின் நுனி மணியின் வாயில் இருந்தது.

இரண்டு நாள் அவள் வீடு திரும்பவில்லை. கிண்ணத்தில் பாலை வைத்துக்கொண்டு அம்மாயி வாசற்படியிலேயே அமர்ந்திருந்தார், தாமும் உண்ணவில்லை. நான் அருகே சென்றபோது என்னைப் பாராமலே சொன்னார்: “ஒம்பது வருசமா இந்த ஊட்ல இருக்கறா. அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா, கண்ணு?”

நாய் வருவதைப் பற்றி அம்மாயியையும் எவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் இரவில் சின்னி வந்தாள். கால்நடை மருத்துவர் வாலில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுத் தையல் போட்டார். பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாமல் கிடந்தால் அதன் ஈரல் கெடத் தொடங்கலாம் என்று எச்சரித்தார். பின்னர், “நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போட்டீர்கள்?” என்று கேட்டார். ஐந்து ஆண்டுகளில் ஒருமுறையும் போட்டதில்லை என்பது அன்றுதான் எங்களுக்கே உறைத்தது. பத்து நாள் மணியைக் கண்காணிக்கச் சொன்னார். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் எவரும் சிரித்ததாக நினைவில்லை. அதன்பின் இரண்டுக்கும் முறைப்படி ஊசி போட்டோம். அறிமுகம், நட்பு, பயிற்சி எல்லாம் பிற்பாடு, ஊசிதான் முதற்படி. இதை நாங்கள் தலைகீழாகக் கற்றோம்.

இனி ‘பிறவிப் பகை’ என்னும் கருத்துக்கு வருவோம். சீன நாட்டு உளவியலறிஞர் குவோ என்பவர் 1930ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். நாயும் பூனையுமன்று; பூனையும் எலியும். இதைக் காட்டிலும் பிறவிப் பகைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமோ? எலியைத் தாய் கொல்வதைப் பார்த்து வளர்ந்த குட்டிகளில் பெரும்பாலானவை பிற்பாடு எலியைக் கொன்றன. தனித்து வளர்ந்தவற்றில் ஏறத்தாழப் பாதி கொன்றன. ஆனால் எலியோடு ஒரே கூண்டில் வளர்க்கப்பட்ட 18 குட்டிகளில் 3 மட்டுமே எலியைக் கொன்றன. அவையும் தம்மோடு வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை. பகையில் பெரும்பங்கு பிறப்பில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நாயைப் பொறுத்தவரை அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஸ்காட், ஃபுல்லர் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் ஒரு நூலாக வெளியிட்டனர். குட்டி பிறந்து ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே அது உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் என்று அவர்கள் கண்டனர். அப்பருவத்தில் எவற்றைக் கண்டு, முகர்ந்து, விளையாடிப் பழகுகிறதோ அவை அதற்கு உறவு. காணாதவை அயல். அதே ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பின்றி வளர்க்கப்பட்ட குட்டிகள், பின்னர் மனிதரைக் கண்டு காட்டு விலங்குகள் போல மிரண்டன என்று 1961இல் வெளியான ஒரு கட்டுரை கூறுகிறது. பூனைக்கு அப்பருவம் இன்னும் குறுகியது: இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை என்பர்.

மணியின் அந்த ஒன்பது வாரங்கள் எங்கே போயின? வேப்பமரத்தடியில் போயின. அது பூனையைப் பகைக்கவில்லை. பூனை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஓடுகின்ற, சிறிய, மயிருள்ள ஒன்று அதற்குத் தெரியும். சங்கிலி இல்லாமல் அதைக் கண்டது அன்றுதான் முதல்முறை. குற்றம் யாருடையது என்பதை நாங்கள் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நாயை அளவற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க ஓட விடாமல் புறக்கணிப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றங்களாகவே எழுதப்பட்டுள்ளன. அந்தச் சட்டம் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்து சேரவில்லை. ‘காவலுக்கு நாய்’ என்று சொல்லி நாம் வளர்ப்பது பெரும்பாலும் காவலும் தெரியாத, உறவும் தெரியாத ஓர் உயிரைத்தான்.

அப்படியானால் பருவம் தவறிய நாய்க்கு வழியே இல்லையா? ‘ஐந்தில் வளையாதது’ என்று பழமொழியைச் சொல்லி இங்கும் கைகழுவிவிட முனைவோர் உண்டு. எங்கள் அம்மாயி அறிவொளி இயக்கத்தின் காலத்தில், பேரப்பிள்ளை எடுத்த பின்னர், கையெழுத்துப் போடக் கற்றவர். இன்றும் செய்தித்தாள் படிக்க மாட்டார். ஆனால் எந்த அலுவலகத்திலும் கைந்நாட்டு வைக்க மாட்டார். வளர்ந்த நாய்க்கும் இதுதான் எல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. குட்டியிலிருந்தே பூனையோடு வளர்ந்த நாய்க்குப் பூனையின் மொழி தெரியும். பின்னாளில் வருகின்ற நாய்க்கு மொழி வராது, கையெழுத்து வரும். ‘இந்த உயிரைக் கண்டால் நின்றுவிட வேண்டும், திரும்பி நம் ஆள் முகத்தைப் பார்க்க வேண்டும்’ என்ற ஒரே கையெழுத்து. ஒரு வீட்டில் இரண்டும் உயிரோடு வாழ அதுவே போதும்.

மொழி என்றேனல்லவா? அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் ‘தானாகப் பழகிவிடும்’ என்போர் காணத் தவறுவது இதனைத்தான். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் கிளர்ச்சி, வரவேற்பு. பூனை வாலை விசிறி ஆட்டினால் எரிச்சல்; ‘விலகிப் போ’ என்று பொருள். பூனை நட்போடு வரும்போது வாலைக் கம்பம் போல நிமிர்த்தி வரும். நாய் வாலை விறைப்பாக நிமிர்த்தினால் அது வீறாப்பு. நாய் விளையாட அழைக்கும்போது முன்னங்கால்களை மடக்கித் தாழ்ந்து, பின்புறத்தை உயர்த்தி நிற்கும். தாழ்ந்து நிற்பதென்றால் பாயப்போவது என்றே பூனை அறிந்திருக்கிறது. நாய் மல்லாந்து படுத்தால் பணிவு. சண்டையில் பூனை மல்லாந்தால் நான்கு கால் நகங்களும் ஆயத்தமாகிவிட்டன என்று பொருள். ஒன்று ‘வா’ என்பதை மற்றது ‘வருகிறேன் பார்’ என்று கேட்கிறது. இருவரையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தி, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன ஆகும்?

இஸ்ரேல் நாட்டு டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒரே கூரையின்கீழ் வாழும் நாய் பூனைகளை வீடு வீடாகச் சென்று பார்த்து எழுதப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை நன்றாகவே வாழ்ந்தன. ஒன்றன் குறிப்பை மற்றொன்று புரிந்துகொள்ளவும் செய்தன. ஆனால் பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஓராண்டுக்குள்ளும் சந்தித்த வீடுகளிலும், பூனை முதலில் வந்த வீடுகளிலுமே உறவு சிறந்திருந்தது. செல்பேசியில் நாம் காணும் படங்கள் பொய்யல்ல. அவை இளமையில் சந்தித்தவற்றின் படங்களாக இருக்கலாம் என்பதைத்தான் எவரும் எழுதுவதில்லை. எங்கள் மணிக்கு வயது ஐந்து, சின்னிக்கு ஒன்பது.

இன்னொன்று. சண்டைக்கு வரும் நாய் வேறு. வேட்டைக்கு வரும் நாய் வேறு. சண்டைக்கு வருவது குரைக்கும், உறுமும், பல்லைக் காட்டும். அவையெல்லாம் எச்சரிக்கை, விலகிக்கொள்ள நேரம் தருபவை. வேட்டைக்கு வருவது ஓசை செய்யாது. வாய் மூடியிருக்கும், உடல் விறைக்கும், கண் இமைக்காது. நம்மவர் குரைக்கும் நாயைக் கண்டு அஞ்சி, ‘சாதுவா நிக்குது பாருங்க’ என்று மற்றதை அவிழ்த்து விடுகின்றனர். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு வேட்டை நாய்களை வளர்ப்போர் இவ்வேறுபாட்டைப் படிக்காமலே அறிந்திருப்பர். ஓடும் உயிரைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனங்கள் அவை. அத்தகைய நாய்களைப் பூனையுள்ள வீட்டுக்குக் கொண்டுவர எண்ணுவோர் இருமுறை சிந்திக்க வேண்டும்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். இதில் எங்கள் கண்டுபிடிப்பு ஏதுமில்லை. மருத்துவர் சொன்னதும் நூலகத்தில் தேடிப் படித்ததும்தான்.

முதலில் வீட்டை இரண்டாகப் பிரித்தோம். உள்ளறையும் சமையற்கட்டும் சின்னிக்கு. முன்கட்டும் வாசலும் மணிக்கு. நடுக்கதவு எப்போதும் தாழ்ப்பாளில். ‘புதிதாக வந்தவனுக்காகப் பழையவள் இடம்பெயரக் கூடாது’ என்பது அம்மாயி விதித்த விதி. பிற்பாடு படித்தபோது அறிஞர்களும் அதையே சொல்லியிருக்கக் கண்டேன். பரணுக்கு ஏற ஒரு பலகையைச் சாய்த்து வைத்தோம். மேலே ஏறிவிட வழி இருக்கிறது என்று தெரிந்த பூனை ஓடுவதில்லை. ஓடாத பூனையை நாயும் அவ்வளவாகத் துரத்துவதில்லை.

இரண்டு வாரம் ஒன்றை ஒன்று காணவே விடவில்லை. சின்னி படுத்த பழந்துணியை மணியின் சோற்றுத் தட்டருகே வைத்தோம். மணியைத் துடைத்த துணியை உள்ளறையின் மூலையில் வைத்தோம். முதல் நாள் அத்துணியைக் கண்டு சின்னி சீறினாள். ஐந்தாம் நாள் அதைத் தாண்டி நடந்தாள். பத்தாம் நாள் அதன்மேல் அமர்ந்துகொண்டாள். நாய்க்கு உலகம் மூக்கின் வழியாகவே முதலில் வருகிறது. கண்ணால் காட்டிவிட்டு மூக்கை மறந்துவிடுகிறோம் நாம்.

பின்னர் கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் உணவு. மணியின் தட்டு முதலில் பத்தடி தள்ளி. நாளுக்கு நாள் சிறிது நெருங்கி. ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாயின் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவோடு சேர்ந்து வரும் ஓசைக்கே நாயின் வாய் ஊறுவதைக் கண்டவரும் அவரே. உளவியல் வகுப்பில் இதை நாம் மதிப்பெண்ணுக்காக எழுதியிருக்கிறோம். எங்கள் நடுக்கதவில் அதைக் கண்ணால் கண்டபோது எனக்கு உண்மையில் மெய்சிலிர்த்தது: பூனையின் வாசனை வந்தால் மணி கதவைப் பிறாண்டுவதை விட்டுவிட்டு, தட்டு வரும் திசையைப் பார்க்கத் தொடங்கியது!

அதன் பிறகே காட்சி. மணியின் கழுத்தில் உறுதியான வாரும் கயிறும். கயிறு என் அண்ணன் கையில். வாயில், கன்றுக்கு மாட்டுவது போன்ற ஒரு கூடை. அதையும் திடுமென மாட்டவில்லை. கூடைக்குள் ஈரல் துண்டை வைத்துத் தானே மூக்கை நுழைக்கும்படி ஒரு வாரம் பழக்கினோம். வாசலின் அக்கோடியில் மணி, நடுக்கதவின் இடுக்கில் சின்னி. மணி அவளைப் பார்க்கும். உடல் விறைக்குமுன் பெயரைச் சொல்லி அழைப்போம். திரும்பினால் கூடையின் இடுக்கு வழியே வேகவைத்த ஈரலில் ஒரு சிறு துண்டு. திரும்பாவிட்டால் திட்டுவதில்லை, இழுப்பதில்லை. நாம்தான் மிக அருகில் நிற்கிறோம் என்று பொருள், இன்னும் நான்கடி பின்னே போவோம். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. பூனையை ஒருபோதும் கையில் தூக்கிக் காட்டவில்லை. தூக்கிக் காட்டுவது நம்மவர் வழக்கம். தப்ப வழியில்லாத பூனை தூக்கியவரின் முகத்தைக் கிழிக்கும், நாயும் எம்பும்.

பொங்கலன்று எல்லாம் பாழாயிற்று. வீடு நிறைய உறவினர். யாரோ நடுக்கதவைத் திறந்து வைத்துவிட்டார். நல்லவேளையாக மணி கட்டில் இருந்தது. ஆனால் சின்னி அதன் முகத்தெதிரே வந்து நிற்க, மணி பாய, சங்கிலி அறுபடாததுதான் குறை. சின்னி பரணைவிட்டு ஒன்றரை நாள் இறங்கவில்லை. ஏழு வாரத்து உழைப்பு! மறுநாள் மீண்டும் பழந்துணியிலிருந்து தொடங்கினோம். எனக்கு அப்போது மணியின்மேல் வந்த சினத்தை மறைக்க விரும்பவில்லை. கையில் ஒரு குச்சியும் எடுத்துவிட்டேன். “அதை அடிச்சா அது பூனையத்தான் நெனச்சுக்கும்” என்று அம்மா தடுத்தார்.

அம்மா நூல் எதுவும் படித்தவரல்லர். ஆனால் அவர் சொன்னதில் முழு உண்மை இருக்கிறது. பூனையைக் காணும்போதெல்லாம் அடி விழுந்தால், பூனை வந்தால் வலி வரும் என்றே நாய் கற்கும். உறுமியதற்காக அடித்தால் உறுமாமல் கடிக்கக் கற்கும். ‘நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும்’ என்று இன்றும் பலர் சொல்கின்றனர். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியும் ஒருகாலத்தில் இதையே சொன்னார்கள்.

என் கருத்துக்கு மறுப்புகள் உண்டு என்பதை அறிவேன். மனிதர்க்கே ஆயிரம் குறை இருக்க, நாய்க்கும் பூனைக்கும் இத்தனை பாடா என்பது ஒன்று. இதற்கு நான் நீண்ட விடை சொல்லப் போவதில்லை. செலவு என்று பார்த்தால் தடுப்பூசிகள், கொஞ்சம் ஈரல், ஒரு கூடை, நாளுக்கு இருமுறை ஐந்து நிமிடம். மனிதர்க்குச் செய்யாமல் மிச்சம் பிடித்தது எதுவும் அதில் இல்லை.

மற்றொரு மறுப்பு வலுவுடையது. இவ்வளவு இடர் இருக்குமானால் நாயை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதுதானே? பூனையின் உயிரைப் பணயம் வைத்து நாய்க்கு மறுவாழ்வு தருவது என்ன நியாயம்? விலங்கியல் துறைப் பேராசிரியர் ஒருவரே இதை என்னிடம் கேட்டார். நான் அவரோடு பாதி உடன்படுகிறேன். முன்னரே பூனையைக் கொன்று பழகிய நாய், மாதங்கள் கழிந்தும் பார்வையை எடுக்காத நாய், உணவைக்கூடக் கண்டுகொள்ளாமல் கதவையே முறைத்து நிற்கும் நாய் — இவற்றைப் பூனையுள்ள வீட்டில் வைத்திருப்பது அன்பன்று, பிடிவாதம். பூனையில்லாத நல்ல வீட்டைத் தேடித் தருவதே முறை. அவ்வாறே, உண்ணாமல் மெலிந்து எப்போதும் பரணிலேயே ஒடுங்கிவிட்ட பூனையைப் ‘பழகிவிட்டது, சத்தமே இல்லை’ என்று கொள்வதும் கொடுமை. ஆனால் ‘கொடுத்துவிடுவது’ என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் இரவோடிரவாகச் சந்தைப்பேட்டையில் இறக்கிவிட்டு வருவதைத்தான். அதுவும் முன் சொன்ன 11ஆம் பிரிவில் இருக்கிறது. இன்னொரு பெயர் அதற்கு, பழையபடி மரத்தில் கட்டுவது. ஐந்து வயதான, பழக்கமறியாத நாட்டு நாயை வரவேற்க எத்தனை வீடுகள் காத்திருக்கின்றன? மாமா ஒரு மாதம் தேடினார்; ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே நான் வற்புறுத்துவது இதுதான். நாயைக் கொண்டுவரலாமா என்று கேட்பவர், தமக்கு எத்தனை அன்பு இருக்கிறது என்று கணக்கிட வேண்டாம். வீட்டில் மூடக்கூடிய கதவுகள் எத்தனை இருக்கின்றன, தினமும் அக்கதவைத் தாழிட நினைவுள்ளவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கிடட்டும். முன்னரே அவ்வீட்டில் வாழ்பவர் யாவர், அவர்களுள் வாயில்லாதவர் எவர் என்றும் கணக்கிடட்டும். ஒற்றையறை வீட்டில் இது முடியாது. முடியாது என்று ஒப்புக்கொள்வதில் இழிவும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பத்து மாதம் ஆகிறது. கட்டிப்பிடித்து உறங்கும் படம் எதுவும் எங்களிடம் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. மாலையில் அம்மாயி திண்ணையில் அமர்வார். சின்னி மதில்மேல் தன் குட்டை வாலை நிமிர்த்திக்கொண்டு நடந்து வருவாள். வாசலில் படுத்திருக்கும் மணி தலையைத் தூக்கும். ஒரு கணம் பார்க்கும். உடனே அம்மாயியின் முகத்தைப் பார்க்கும். அம்மாயியின் முந்தானை முடிச்சில், வெற்றிலையோடு, பொட்டுக்கடலை எப்போதும் இருக்கிறது. ஈரலைத் தொட மாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இந்த ஏற்பாடு. மணி அதற்கும் சம்மதித்துவிட்டது.

கயிறு இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு நடுக்கதவைத் தாழிடுவது என் வேலை. நான் விடுதியில் இருக்கும் நாள்களில் அண்ணனுடையது. தாழிட்ட பிறகும் அம்மாயி ஒருமுறை எழுந்து வந்து, தாழ்ப்பாளைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.